ஒன்பது பேரில் ஒருவர்: அமெரிக்கத் தலைமை நீதிபதிகளின் கதை

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் ‘தலைமை நீதிபதி’ என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதுவும் நீதிமன்றங்களைப் பற்றிப் பேசும் மூன்றாம் பிரிவில் இல்லை. நாடாளுமன்றத்தைப் பற்றிய முதல் பிரிவில், ஜனாதிபதி மீது செனட்டில் பதவி நீக்க விசாரணை நடந்தால் அதற்குத் தலைமை நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அவர் யார், எப்படி வர வேண்டும், மற்ற நேரத்தில் என்ன செய்வார் என்று ஒன்றுமே எழுதி வைக்கவில்லை. 1789 முதல் இன்றுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் 17 பேர். அந்தப் பதவியை ஒவ்வொருவரும் தங்கள் கையாலேயே கட்டினார்கள், சிலர் இடிக்கவும் செய்தார்கள்.

நம் ஊர் உச்ச நீதிமன்றத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாக இருக்கும். இங்கே தலைமை நீதிபதி பெரும்பாலும் சீனியாரிட்டிப்படி வருவார், 65 வயதில் ஓய்வு பெறுவார், எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போக வேண்டும் என்பது அவர் கையில் இருக்கும். அங்கே அமர்வு பிரிக்கிற பேச்சே இல்லை. ஒன்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் ஒவ்வொரு வழக்கையும் கேட்கிறார்கள். வயது வரம்பு கிடையாது, சாகும்வரை இருக்கலாம். நீதிபதியாகவே இருந்திராத ஒருவரைக்கூட ஜனாதிபதி நேராகத் தலைமை நீதிபதியாக நியமிக்கலாம், செனட் ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் அவருக்கு இருப்பது ஒரே ஒரு ஓட்டு, மற்ற எட்டுப் பேருக்கும் உள்ள அதே ஓட்டு.

கூடுதலாக இரண்டு விஷயங்கள் உண்டு. உதவியாளர் யாரும் இல்லாமல் ஒன்பது பேர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் அறையில் முதலில் பேசுவது அவர்தான். அப்புறம், அவர் பெரும்பான்மைப் பக்கம் இருந்தால் தீர்ப்பை யார் எழுதுவது என்று அவர் முடிவு செய்வார். எதிர்ப்பக்கம் இருந்தால் அந்த உரிமையும் பெரும்பான்மையில் உள்ள மூத்த நீதிபதிக்குப் போய்விடும். ஆகவே ஒரு தலைமை நீதிபதியைக் கணிக்க அவர் கருத்து என்ன என்று பார்த்தால் போதாது, மற்ற எட்டுப் பேரை அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்த 17 பேரில் மூன்று பேரை அப்படிப் பார்த்தாலே பெரும்பாலான கதை வந்துவிடும்.

முதலில், அந்தப் பதவிக்கு ஆரம்பத்தில் இருந்த மதிப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் தலைமை நீதிபதி ஜான் ஜே. தலைமை நீதிபதியாக இருக்கும்போதே ஜனாதிபதி வாஷிங்டன் அவரை 1794-இல் லண்டனுக்கு அனுப்பி பிரிட்டனோடு ஒப்பந்தம் பேச வைத்தார். அவர் அங்கே இருக்கும்போதே நியூயார்க் ஆளுநர் தேர்தலில் ஜெயித்துவிட, திரும்பி வந்ததும் நீதிபதி பதவியை ராஜினாமா செய்துவிட்டு ஆளுநராகப் போய்விட்டார். அடுத்து வந்த ஜான் ரட்லெட்ஜை சில மாதங்களிலேயே செனட் 14-10 என்று நிராகரித்தது, காரணம் அவர் ஜேயின் ஒப்பந்தத்தைப் பொதுக்கூட்டத்தில் கடுமையாகத் திட்டிப் பேசியிருந்தார். மூன்றாமவர் ஆலிவர் எல்ஸ்வொர்த், உடல்நிலை மோசமாகி பிரான்சிலிருந்தே ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் மறுபடியும் ஜேயையே நியமிக்க, செனட்டும் சம்மதிக்க, ஜே வேண்டாம் என்று எழுதிவிட்டார். இந்த நீதிமன்றத்துக்கு வலுவும் இல்லை, மரியாதையும் இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அந்த மறுப்புக் கடிதத்தை 1801 ஜனவரியில் ஆடம்ஸிடம் எடுத்துப் போனவர் அவருடைய வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷல். இனி யாரை நியமிப்பது என்று ஆடம்ஸ் யோசனையோடு கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றார் மார்ஷல். சற்று நேரம் கழித்து, உங்களைத்தான் நியமிக்க வேண்டும் போலிருக்கிறது என்றார் ஆடம்ஸ். இதை மார்ஷலே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 34 ஆண்டுகள் நீடித்த ஒரு தலைமை இப்படி ஓர் அறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டதில் தொடங்கியது.

மார்ஷல் வர்ஜீனியாவின் எல்லைப்புறத்தில் ஒரு மரக்குடிலில், 15 பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். சுதந்திரப் போரில் வாலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் படையோடு குளிரில் கிடந்தவர். சட்டம் படித்தது கல்லூரியில் சில வாரங்கள்தான். அவர் வரும்வரை உச்ச நீதிமன்றத்தில் பெரும்பாலும் இங்கிலாந்து வழக்கப்படி ஒவ்வொரு நீதிபதியும் தன் கருத்தைத் தனித்தனியாக வாசிப்பார். எது நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று வக்கீல்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்ஷல் அதை மாற்றினார்: இனி நீதிமன்றத்துக்கு ஒரே குரல், ஒரே தீர்ப்பு. அப்போது நீதிபதிகள் வாஷிங்டனில் குடும்பம் இல்லாமல் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். மழை பெய்தால் மட்டும்தான் ஒயின் குடிப்பது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்களாம். வெயில் அடிக்கும் நாளில் மார்ஷல், நம் அதிகார எல்லை ரொம்பப் பெரியது, எங்காவது மழை பெய்துகொண்டுதான் இருக்கும் என்று சொல்லி ஊற்றச் சொல்வாராம். இதை அவரோடு இருந்த நீதிபதி ஜோசப் ஸ்டோரி சொன்னதாகக் கதை உண்டு. வேறு கட்சி ஜனாதிபதிகள் நியமித்து அனுப்பிய நீதிபதிகளும் சில மாதங்களில் மார்ஷலோடு சேர்ந்து தீர்ப்பு எழுதியதற்கு அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

1803-இல் வந்த மார்பரி எதிர் மேடிசன் வழக்குதான் அவருடைய பேர் சொல்லும் வழக்கு. ஆடம்ஸ் பதவி விலகும் கடைசி நாட்களில் தன் ஆட்களைப் பல பதவிகளில் நியமித்தார். ஆணைகளில் ஆடம்ஸ் கையெழுத்துப் போட்டார், வெளியுறவுச் செயலர் என்ற முறையில் முத்திரை வைத்தது மார்ஷல், ஆனால் சில ஆணைகள் உரியவர்களிடம் போய்ச் சேராமல் அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. புதிய ஜனாதிபதியாக வந்த ஜெஃபர்சன் அவற்றைக் கொடுக்கக் கூடாது என்றார். வில்லியம் மார்பரி என்பவர் என் ஆணையைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்கே நேராக வந்தார். யார் விட்ட பிழையால் வழக்கு வந்ததோ அவரே நீதிபதியாக உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு என்றால் அவர் விலகிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மார்ஷலுக்கு இரண்டு பக்கமும் இடி. கொடு என்று உத்தரவிட்டால் ஜெஃபர்சன் மதிக்க மாட்டார், நீதிமன்றம் பல் இல்லாதது என்று ஊருக்கே தெரிந்துவிடும். கொடுக்க வேண்டாம் என்றால் பயந்துவிட்டார்கள் என்றாகும். அவர் எழுதியது இது: மார்பரிக்கு அந்த ஆணை மீது உரிமை இருக்கிறது, அதைத் தராமல் வைத்திருப்பது தவறு, ஆனால் இப்படி நேராக இங்கே வந்து கேட்கலாம் என்று சொல்லும் 1789-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு ஒத்துப்போகவில்லை, ஆகவே அந்தப் பிரிவு செல்லாது. ஜெஃபர்சன் மீறுவதற்கு உத்தரவே இல்லை. அதே சமயம், நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதும் எழுத்தில் ஏறிவிட்டது. ஒரு சின்ன உரிமையை விட்டுக்கொடுத்துப் பெரிய உரிமையை வாங்கிக்கொண்டார் மார்ஷல்.

இதோடு நிறுத்தினால் அவரைப் பற்றி முழு உண்மையைச் சொன்னதாகாது. மார்ஷல் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தார் என்று அண்மைக் கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1813-இல் மீமா குவீன் என்ற பெண், தன் முன்னோர் ஒருத்தி சுதந்திரப் பெண், ஆகவே நானும் சுதந்திரமானவள் என்று வழக்குப் போட்டாள். அதற்கு அவளிடம் இருந்தது தலைமுறையாகச் சொல்லக் கேட்ட சாட்சியம். அடிமைகளுக்கு வேறு என்ன ஆவணம் இருந்திருக்கும்? கேள்விப்பட்டதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று மார்ஷல் எழுதினார், அவள் தோற்றாள். மேரிலாந்திலிருந்து வந்த நீதிபதி கேப்ரியல் டுவால் மட்டும் மாறுபட்டார். பின்னாளில் சிகாகோவில் மார்ஷல் பேர் தாங்கிய சட்டக் கல்லூரி 2021-இல் அந்தப் பேரை எடுத்தது, கிளீவ்லாந்தில் இன்னொன்று 2022-இல் எடுத்தது.

மார்ஷல் செய்து வைத்த அந்தக் கருவியை, அதாவது மத்திய சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை, உச்ச நீதிமன்றம் இரண்டாவது முறை கையில் எடுத்தது 54 ஆண்டுகள் கழித்து, 1857-இல். எடுத்தவர் அவருக்கு அடுத்து வந்த ரோஜர் டானி.

டானியின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். மேரிலாந்தில் புகையிலைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர், அந்தப் பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர். வாரிசாகக் கிடைத்த அடிமைகளை இளம் வயதிலேயே விடுவித்தார், வயதானவர்களுக்கு மாதாமாதம் பணமும் கொடுத்தார். 1819-இல் அடிமைகளைத் தூண்டிவிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு மெதடிஸ்ட் போதகருக்காக வாதாடும்போது, அடிமைமுறை நம் தேசத்தின் மேல் உள்ள கறை என்று கோர்ட்டில் நின்று சொன்னார். இதே மனிதர்தான் 38 ஆண்டுகள் கழித்து ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை எழுதினார்.

ட்ரெட் ஸ்காட் ஓர் அடிமை. அவருடைய எஜமானர் ராணுவ மருத்துவர், போன இடமெல்லாம் ஸ்காட்டையும் கூட்டிப்போனார்: அடிமைமுறை இல்லாத இல்லினாய் மாநிலத்துக்கு, அப்புறம் இன்று மின்னசோட்டாவில் இருக்கும் ஸ்னெல்லிங் கோட்டைக்கு. அந்தக் கோட்டையில்தான் ஸ்காட் ஹாரியட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். சுதந்திர மண்ணில் வாழ்ந்ததால் நாங்களும் சுதந்திரமானவர்கள் என்று கணவனும் மனைவியும் 1846-இல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் வழக்குப் போட்டார்கள். 1850-இல் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, இரண்டு வருடம் கழித்து மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது, பிறகு வழக்கு மத்திய நீதிமன்றங்களுக்கு வந்தது. 11 வருடம். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு.

வழக்கைச் சின்னதாக முடித்திருக்கலாம்; மிசூரி நீதிமன்றம் சொன்னதே இறுதி என்று நாலு வரியில் எழுதியிருந்தால் ஸ்காட் தோற்றிருப்பார், நாடு தப்பித்திருக்கும். டானி அப்படி விடவில்லை. அடிமைப் பிரச்சினையை நீதிமன்றமே ஒரே அடியாகத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தார். பதவி ஏற்கப் போகும் ஜனாதிபதி ஜேம்ஸ் புக்கானன் திரைமறைவில் நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதி, வட மாநிலத்து நீதிபதி ஒருவரைப் பெரும்பான்மையோடு சேரும்படி தூண்டினார். 1857 மார்ச் 6, நாடாளுமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பழைய நீதிமன்ற அறையில் டானி சுமார் இரண்டு மணி நேரம் வாசித்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினர், சுதந்திரமாக இருந்தாலும் அடிமையாக இருந்தாலும், அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது. புதிய பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குக் கிடையாது. இந்த அரசியலமைப்பு எழுதப்பட்ட காலத்தில் கறுப்பினத்தவர்கள் ‘வெள்ளைக்காரன் மதித்தாக வேண்டிய எந்த உரிமையும் இல்லாதவர்களாக’க் கருதப்பட்டார்கள் என்ற வாக்கியமும் அதில் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அவர் பேரை அந்த வாக்கியத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறார்கள்.

ஓட்டு 7-2. ஆனால் ஒன்பது நீதிபதிகளும் ஆளுக்கொரு கருத்து எழுதினார்கள், மார்ஷல் கட்டி வைத்த ஒரே குரல் அன்றைக்கு ஒன்பதாகச் சிதறியது. மாறுபட்ட இருவரில் ஒருவரான பெஞ்சமின் கர்ட்டிஸ், அரசியலமைப்பு ஏற்கப்பட்டபோதே ஐந்து மாநிலங்களில் சுதந்திரமான கறுப்பினத்தவர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்களே, அவர்கள் குடிமக்கள் இல்லாமல் வேறு யார் என்று கேட்டார். அதற்கு டானியிடம் நேரான பதில் இல்லை. கர்ட்டிஸின் கருத்து வெளியானபின் தன் தீர்ப்பில் பக்கம் பக்கமாகச் சேர்த்து எழுதினார். அந்தக் கசப்பில் கர்ட்டிஸ் பதவியை விட்டே போய்விட்டார். ஸ்காட் குடும்பத்தைக் கடைசியில் விடுவித்தது எந்தக் கோர்ட்டும் இல்லை, பழைய எஜமானர் குடும்பத்தின் மகன் ஒருவர். ஸ்காட் சுதந்திர மனிதராக வாழ்ந்தது ஒன்றரை ஆண்டுகூட இல்லை, 1858-இல் காசநோயில் இறந்தார்.

1861 மார்ச் 4-ஐ நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. லிங்கன் பதவி ஏற்கிறார். 84 வயதை நெருங்கிய டானி கறுப்பு அங்கியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பிரமாணம் செய்துவைக்க வேண்டியவர் அவர்தான். லிங்கன் முதலில் உரையாற்றுகிறார்: நாட்டையே பாதிக்கும் கேள்விகளை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் நிரந்தரமாக முடித்துவைக்கும் என்றால் மக்கள் தங்களைத் தாங்களே ஆள்பவர்கள் இல்லை என்று ஆகிவிடும் என்கிறார். யாரைச் சொல்கிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். உரை முடிந்ததும் அந்த முதியவர் எழுந்து, அதே மனிதருக்குப் பிரமாணம் செய்துவைத்தார். அடுத்த மாதம் உள்நாட்டுப் போர் தொடங்கியது.

டானி 1864 அக்டோபர் 12-இல் இறந்தார். அன்றைக்குத்தான் அவருடைய சொந்த மேரிலாந்தில் அடிமைமுறையை ஒழிக்கும் புதிய மாநில அரசியலமைப்புக்கு மக்கள் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்த சால்மன் சேஸ், தப்பி ஓடி வந்த அடிமைகளுக்காக ஒஹையோவில் வழக்காடிப் பேர் வாங்கியவர். அவர் வந்து இரண்டு மாதத்துக்குள், 1865 பிப்ரவரி 1-இல், ஜான் ராக் என்ற கறுப்பின வழக்கறிஞரை உச்ச நீதிமன்றத்தில் வழக்காடும் வக்கீலாகச் சேர்த்துக்கொண்டார்கள். குடிமகனாகவே ஆக முடியாது என்று எட்டு வருடம் முன்பு தீர்ப்பு எழுதிய அதே நீதிமன்றம். சேஸிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று உண்டு: போர்க்காலத்தில் நிதி அமைச்சராக இருந்து அவரே அச்சடித்த காகிதப் பணத்தை, பழைய கடனுக்கு ஏற்கச் சொல்வது செல்லாது என்று 1870-இல் அவரே தீர்ப்பு எழுதினார். ஒரே வருடத்தில் இரண்டு புது நீதிபதிகள் வந்து அதைக் கவிழ்த்துவிட்டார்கள், அது வேறு கதை.

வெய்ட், ஃபுல்லர் காலம் நீண்டது, ஆனால் கறுப்பின மக்களுக்கு இருண்டது. 1896-இல் ஃபுல்லர் தலைமையில்தான் ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று ரயில் பெட்டிகளைப் பிரித்த பிளெஸ்ஸி தீர்ப்பு வந்தது. கூட்டத்துக்கு முன் ஒன்பது பேரும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் ஃபுல்லர்தான், அது இன்றும் நடக்கிறது. டாஃப்ட் 1921-இல் வந்தார். ஜனாதிபதியாகவும் தலைமை நீதிபதியாகவும் இருந்த ஒரே மனிதர், இரண்டாவது வேலையைத்தான் அதிகம் நேசித்தார். எந்த வழக்கை எடுப்பது என்று பெரும்பாலும் நீதிமன்றமே முடிவு செய்யும்படி 1925-இல் சட்டம் வாங்கினார், தனிக் கட்டடத்துக்கும் பணம் வாங்கினார். 1935-இல் அது திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதுவரை 145 வருடமாக உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்தக் கூரை கிடையாது. ஹியூஸ் காலத்தில், 1937-இல், 70 வயது தாண்டிய ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒரு கூடுதல் நீதிபதி என்று ஆறு பேர் வரை சேர்க்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திட்டம் போட்டார், வயதானவர்களால் வேலை முடியவில்லை என்று காரணம் சொன்னார். ஹியூஸ் மேடை ஏறவில்லை. வேலை தேங்கவில்லை என்று கணக்குக் காட்டி ஒரு செனட்டருக்குக் கடிதம் எழுதினார், அது விசாரணையில் வாசிக்கப்பட்டதும் திட்டத்தின் மூச்சு பாதி போயிற்று.

இப்போது வாரன். ஏர்ல் வாரன் பேக்கர்ஸ்ஃபீல்டில் வளர்ந்தவர், அப்பா ரயில்வே தொழிலாளி. மூன்று முறை கலிபோர்னியா ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன், 1942-இல், மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது ஜப்பானிய வம்சாவளியினரைக் கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று முன்னின்று வாதாடினார். இதுவரை நாசவேலை எதுவும் நடக்கவில்லையே என்றவர்களிடம், நடக்காததுதான் ஆபத்தின் அறிகுறி என்று சொன்னவர் அவர். சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். உயிரோடு இருந்தவரை வாரன் அதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கவில்லை. இறந்தபின் 1977-இல் வெளியான நினைவுக் குறிப்புகளில்தான், வீட்டிலிருந்தும் பள்ளித் தோழர்களிடமிருந்தும் பிரிக்கப்பட்ட அந்தக் குழந்தைகளை நினைக்கும்போதெல்லாம் மனசாட்சி உறுத்துகிறது என்று எழுதியிருந்தார். அது தாமதமான வார்த்தை என்றுதான் நான் நினைக்கிறேன்.

1953 செப்டம்பரில் தலைமை நீதிபதி வின்சன் மாரடைப்பில் திடீரென்று இறந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பது செல்லுமா என்ற பிரௌன் வழக்கு ஏற்கெனவே ஒருமுறை வாதாடப்பட்டு, நீதிபதிகள் பிளவுபட்டு, மறுவாதத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் வாரனை அனுப்பினார். நீதிபதியாக ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர்.

டிசம்பரில் மறுவாதம் முடிந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது வாரன் செய்த முதல் காரியம், இன்றைக்கு ஓட்டுப் போட வேண்டாம், பேசுவோம் என்று சொன்னது. ஓட்டு என்று ஒன்றைப் போட்டுவிட்டால் மனிதர் அதில் நின்றுவிடுவார், பேசிக்கொண்டே இருந்தால் நகர்வார். அரசியலில் பழகியவருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் தன் நிலையை மறைக்கவில்லை: கறுப்பினத்தவர் தாழ்ந்தவர்கள் என்று நம்பினால் ஒழிய இந்தப் பிரிவினையை நியாயப்படுத்த முடியாது, பழைய பிளெஸ்ஸி தீர்ப்பு நிற்க வேண்டும் என்பவர் அதை அந்தக் காரணத்தோடு சொல்லட்டும் என்றார். அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? பிறகு மாதக்கணக்கில் மதியச் சாப்பாட்டிலும் அறை அறையாகவும் பேசினார். மார்ச் கடைசியில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் மாரடைப்பில் படுத்துவிட, வரைவை ஆஸ்பத்திரிக்கே எடுத்துப்போய்க் கொடுத்தார். கடைசியாக மிஞ்சியவர் கென்டக்கியைச் சேர்ந்த ஸ்டான்லி ரீட். ஸ்டான், இப்போது நீங்கள் மட்டும்தான் தனியாக நிற்கிறீர்கள் என்றார் வாரன். ரீட் வந்துவிட்டார்.

தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சக நீதிபதிகளுக்கு அவர் எழுதிய குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது: சுருக்கமாக, சாதாரண ஜனங்கள் படிக்கும்படி, ஆரவாரம் இல்லாமல், முக்கியமாக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல். செய்தித்தாள் ஒன்றில் முழுசாகப் போட்டுவிடக்கூடிய அளவுதான் இருந்தது. 1954 மே 17, ஜாக்சன் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தார். வாரன் சமமான குரலில் வாசித்துக்கொண்டே வந்து, முடிவு சொல்லும் இடத்தில் அச்சில் இல்லாத ‘ஒருமனதாக’ என்ற சொல்லைச் சேர்த்தார். அந்தச் சொல் விழுந்ததும் அறை முழுக்க ஓர் உணர்ச்சி அலை போல ஓடியது என்று பின்னர் எழுதினார். ஒன்பது பேர், ஒரே தீர்ப்பு, தனிக் கருத்து ஒன்றுகூட இல்லை. ட்ரெட் ஸ்காட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

இந்த ஒற்றுமைக்கு விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எப்போது பள்ளிகளைச் சேர்ப்பது என்பதை அன்றைக்குச் சொல்லாமல் தள்ளிவைத்தார்கள். 1955-இல் சொன்னபோதும், நிதானமான வேகத்தோடு செய்யுங்கள் என்ற மாதிரி வழவழவென்று ஒரு தொடரைப் போட்டார்கள். தென் மாநிலங்கள் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. 1954-இல் பள்ளியில் இருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் பிரிக்கப்பட்ட பள்ளியிலேயே படித்து முடித்து வெளியே போனார்கள். 1958-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்து லிட்டில் ராக் நகரில் பள்ளிப் பிரச்சினை வந்தபோதுதான் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. அந்தத் தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளும் ஆளுக்காள் பேர் போட்டார்கள்.

அப்புறம் காசில்லாத ஏழைக்கும் வக்கீல் வைத்தாக வேண்டும் என்பது 1963-இல், போலீஸ் விசாரிக்கும் முன் உரிமைகளைச் சொல்ல வேண்டும் என்பது 1966-இல், கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டம் செல்லாது என்பது 1967-இல். சாலையோரம் எல்லாம் வாரனைப் பதவி நீக்கு என்று பலகை வைத்தார்கள். 1974 ஜூலை 9-இல் வாரன் இறந்த அன்று, அவரைப் பார்க்கப் போன இரண்டு பழைய சக நீதிபதிகளிடம் அவர் கேட்டது ஜனாதிபதி நிக்ஸனின் வாட்டர்கேட் ஒலிநாடா வழக்கு என்ன ஆகிறது என்பதைத்தான். இரண்டு வாரம் கழித்து, நிக்ஸனே நியமித்த வாரன் பர்கர், நாடாக்களைக் கொடுத்தாக வேண்டும் என்று 8-0 தீர்ப்பை வாசித்தார். நிக்ஸன் அடுத்த மாதம் ராஜினாமா செய்தார்.

பர்கருக்கு அடுத்து வந்த ரென்குவிஸ்டைத் தாண்டி இன்றைய ஜான் ராபர்ட்ஸுக்கு வந்தால், ஒரே ஓட்டு என்பது எவ்வளவு சின்னது என்று புரியும். 2005-இல் 50 வயதில் வந்தவர், மார்ஷலுக்குப் பின் இத்தனை இளவயதில் வந்தவர் இல்லை, மார்ஷலைப் போல ஒரே குரலில் பேச வேண்டும் என்று ஆரம்பத்தில் ஆசைப்பட்டவர். 2012-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அவருடைய ஒரு ஓட்டில் பிழைத்தது. 2018-இல், சில நாட்டவர் வரக் கூடாது என்று ட்ரம்ப் போட்ட பயணத் தடை வழக்கில், ஜப்பானிய அமெரிக்கர்களை அப்புறப்படுத்தியதைச் சரி என்ற 1944-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது எழுதப்பட்ட நாளிலேயே படுமோசமான தவறு என்று எழுதினார், அந்த வழக்கில் பயணத் தடையை அனுமதித்துக்கொண்டே. 2022-இல் கருக்கலைப்பு வழக்கில் 15 வாரத்துக்குப் பின் கருக்கலைப்பைத் தடுக்கும் மிசிசிப்பி சட்டத்தை ஏற்கலாம், ஆனால் கருக்கலைப்பை உரிமையாக்கிய பழைய ரோ தீர்ப்பை இப்போது முழுசாகக் கவிழ்க்க வேண்டியதில்லை என்று நடுவழி ஒன்றைச் சொன்னார். ஒருவர்கூட அவரோடு நிற்கவில்லை. ரோவைக் கவிழ்க்க ஐந்து பேர் அவர் இல்லாமலே போதுமானவர்களாக இருந்தார்கள்.

வாஷிங்டனில் பழைய நீதிமன்ற அறை இன்றும் அப்படியே இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். டானி அந்த இரண்டு மணி நேரம் வாசித்த அறை. அவர் இறந்த சில மாதங்களில் அவருக்கு மார்பளவுச் சிலை வைக்க நாடாளுமன்றத்தில் பேச்சு வந்தபோது செனட்டர் சார்லஸ் சம்னர் முடியாது என்று கத்தினார். ஒன்பது ஆண்டுகள் இழுபறிக்குப் பின், 1874-இல், சேஸுக்கும் சேர்த்து வைக்கிறோம் என்ற பிறகுதான் பணம் ஒதுக்கினார்கள். அந்தச் சிலை அறை வாசலில் ரொம்ப காலம் நின்றது. 2017-இல் ட்ரெட் ஸ்காட் தீர்ப்பின் 160-ஆவது ஆண்டு நாளில், மேரிலாந்துத் தலைநகர் அன்னாபொலிஸில், டானியின் வம்சத்து உறவினர் ஒருவர் ஸ்காட்டின் வம்சத்தினர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த ஆகஸ்டிலேயே அங்கிருந்த டானி சிலையை இரவோடு இரவாக எடுத்தார்கள். வாஷிங்டன் வாசலில் இருந்ததை 2023 பிப்ரவரியில் இறக்கினார்கள். அந்த இடத்தில் தர்குட் மார்ஷலின் மார்பளவுச் சிலையை வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பிரௌன் வழக்கில் வாரன் முன்னால் நின்று பிள்ளைகளுக்காக வாதாடிய அதே வக்கீல், பிறகு 1967-இல் வாரனோடு ஒரே வரிசையில் நீதிபதியாக உட்கார்ந்தவர்.